எங்கள் பகுதி ரத்தப் பரிசோதனைக் கூடம்: மூன்று ஆண்டுப் பழக்கத்தில் கண்டவை

திருச்சியில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கும் இந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்திற்கு மூன்று ஆண்டுகளாகச் சென்றுவருகிறோம். அம்மாவுக்கு வயது 68. நீரிழிவுக்கும் தைராய்டுக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார். இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தியிருப்பதால், ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரையும் தினமும் உண்டு. ஆகவே மாதம் ஒருமுறையாவது ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். என்னும் எண்ணைப் பார்த்தாக வேண்டும், மூன்று மாதத்திற்கு ஒருமுறை சர்க்கரை, சிறுநீரகம், தைராய்டு. இத்தனை முறை போய்வந்ததில் கண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நிறைகளோடு குறைகளையும் சொல்லப்போவதாலும், இங்கே குறிப்பிடுகிறவற்றை எந்த ஊரில் எந்தக் கூடத்திலும் ஒருவர் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதாலும் பெயரை எழுதவில்லை.

இடம் பெரியதன்று. மாடிக்கு ஏறும் படிக்கட்டு குறுகலானது. முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். காலை ஆறரை மணிக்குத் திறக்கிறார்கள். ஏழரைக்குள் வெறும் வயிற்றோடு வந்தவர்களின் கூட்டம் நிறைந்துவிடும். டோக்கன் உண்டு, ஆனால் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனி வரிசை இல்லை. முறையிட்டால் முன்னே அனுப்புகிறார்கள், கேட்காதவர்கள் காத்திருக்கிறார்கள்.

இந்தக் கூடத்தை நான் மதிக்கத் தொடங்கியது ரத்தம் எடுக்கும் நாற்காலியில்தான். பெரும்பாலான இடங்களில் "லட்சுமிதானே?" என்று கேட்பார்கள்; அரைத்தூக்கத்தில், பசியோடு அமர்ந்திருப்பவர் தலையாட்டிவிடுவார். இங்கே "உங்கள் பெயர் என்னம்மா, வயது என்ன?" என்று கேட்டு, நோயாளியின் வாயிலிருந்தே பெயரை வரவழைத்து, சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ரத்தம் எடுத்து முடித்ததும், நாம் எழுந்திருப்பதற்கு முன்பே, நம் கண்ணெதிரே குழாய்களில் பெயர்ச்சீட்டை ஒட்டுகிறார்கள். ஒருவருடைய ரத்தம் இன்னொருவருடைய பெயரில் போய்விட்டால், அதன் பின் எவ்வளவு விலையுயர்ந்த இயந்திரம் இருந்தும் பயனில்லை. ஆய்வகத் தவறுகளில் பெரும்பகுதி ரத்தம் இயந்திரத்திற்குள் செல்வதற்கு முன்பே நேர்ந்துவிடுகிறது என்பது இத்துறையினர் எல்லோரும் ஒப்புக்கொள்கிற உண்மை. நோயாளிகளாகிய நாம் பார்க்கக்கூடிய ஒரே பகுதியும் அதுதான் என்பதால், அதைக் கவனித்துப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

கையில் கட்டும் ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்திற்கு மேல் விட்டுவைப்பதில்லை. நரம்பு தெரியவில்லை என்றால் அவிழ்த்துவிட்டு, சற்று நேரம் கழித்து மீண்டும் கட்டுகிறார்கள். அம்மா பழக்கத்தில் விரல்களை மடக்கி மடக்கி விரித்தபோது, ரத்தம் எடுத்த பெண், "அப்படிச் செய்யாதீர்கள் அம்மா, பொட்டாசியம் கூடுதலாகக் காட்டிவிடும்" என்று தடுத்தார். கையை அப்படி இயக்கும்போது தசையிலிருந்து பொட்டாசியம் வெளியேறி ரத்தத்தில் சேர்ந்துவிடும் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். இருபது ஆண்டுகளாக எத்தனையோ இடங்களில் "நன்றாக மடக்கி விரியுங்கள்" என்றுதான் எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

குழாய்களின் வரிசையையும் மாற்றுவதில்லை. முதலில் இளநீல மூடி, அதற்குப் பின் சிவப்பு அல்லது மஞ்சள், பின்பு ஊதா, கடைசியாகச் சாம்பல். இந்த நிறங்கள் அழகுக்கானவை அல்ல. ஊதா மூடிக் குழாயில் இ.டி.டி.ஏ. என்னும் உப்பு, பொட்டாசியத்தோடு சேர்ந்து இருக்கிறது. அது ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு உறைதலைத் தடுக்கிறது. அந்தக் குழாயை முதலில் நிரப்பிவிட்டு, அதிலிருந்து ஒரு துளி அடுத்த குழாய்க்குள் போய்விட்டாலும், கால்சியம் குறைந்தும் பொட்டாசியம் மிகுந்தும் காட்டும்; மருத்துவர் இல்லாத நோயைத் தேட நேரிடும். சாம்பல் மூடியில் இருக்கும் ஃபுளோரைடு சர்க்கரைக்காக. சாதாரணக் குழாயில் வெறுமனே வைத்திருந்தால், ரத்த அணுக்கள் தாமே சர்க்கரையைத் தின்று, மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறைத்துவிடும். கிராமங்களில் எடுத்த ரத்தம் நண்பகல் வெயிலில் பேருந்தில் நகரத்திற்குப் பயணம் செய்யும் நம் ஊரில் இது சிறிய விஷயமன்று.

எங்களுக்கு மிக முக்கியமானது இளநீலக் குழாய். ஐ.என்.ஆர். அதில்தான் பார்க்கிறார்கள். ஒன்பது பங்கு ரத்தத்திற்கு, உறைதலைத் தடுக்கும் சிட்ரேட் திரவம் ஒரு பங்கு என்ற கணக்கில் அந்தக் குழாயில் கோடு போட்டிருக்கும். ரத்தம் கோட்டுக்குக் கீழே நின்றுவிட்டால், சிட்ரேட்டின் பங்கு மிகுதியாகி, உறைவதற்கு அதிக நேரம் எடுப்பதாகத் தவறாகக் காட்டும். அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்தால், வால்வில் ரத்தக்கட்டி ஏற்படும் அபாயம் இருக்கிறது. ஒருமுறை அம்மாவின் நரம்பு ஒத்துழைக்காமல் குழாய் பாதியில் நின்றுபோனது. அந்தப் பெண் அதை அப்படியே அனுப்பியிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு, "மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, இன்னொரு கையில் எடுக்க வேண்டும்" என்றார். அம்மாவுக்கு வலித்தது. எனக்கு அவர்மீது மரியாதை கூடியது.

இதைவிடப் பெரிய நிகழ்ச்சி எனக்கே நேர்ந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், ஊரெங்கும் டெங்கு பேச்சாக இருந்தபோது, எனக்கு மூன்று நாள் காய்ச்சல். அலுவலகத்திற்கு அருகில் இருந்த வேறொரு சேகரிப்பு மையத்தில் ரத்தம் கொடுத்தேன். மாலையில் கைப்பேசிக்கு வந்த அறிக்கையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) 42,000 என்று சிவப்பு எழுத்தில் இருந்தது. ஒன்றரை லட்சத்திற்கு மேல் இருக்க வேண்டிய எண் அது. வீட்டில் எல்லோரும் நடுங்கிப்போனார்கள். ஒருவர் பப்பாளி இலைச் சாறு அரைக்கத் தொடங்கினார். இன்னொருவர் எந்த மருத்துவமனையில் படுக்கை இருக்கும் என்று விசாரித்தார். எங்கள் குடும்ப மருத்துவர் என்னைப் பார்த்துவிட்டு, உடம்பில் ரத்தப் புள்ளிகளோ ஈறில் கசிவோ இல்லை, ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது, எண் மட்டும் பொருந்தவில்லை என்று கூறி, இந்தக் கூடத்தில் மீண்டும் பார்க்கச் சொன்னார்.

இங்கும் இயந்திரம் குறைவாகவே காட்டியது: 51,000. வேறோர் இடமாக இருந்திருந்தால் இரண்டு இயந்திரங்கள் ஒத்துப்போனதாக முடிவுகட்டி அறிக்கை கொடுத்திருப்பார்கள். அரை மணி நேரத்தில் கூடத்தின் நோயியல் மருத்துவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "சார், உங்கள் தட்டணுக்கள் குறைந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணாடி வில்லையில் பார்த்தேன், கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேறு குழாயில் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடலாம், வந்துவிட்டுப் போக முடியுமா?" என்றார்.

சிலருடைய ரத்தத்தில், ஊதாக் குழாயில் உள்ள இ.டி.டி.ஏ.வின் முன்னிலையில், தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. உடலுக்குள் அவை இயல்பாகவே இருக்கும். குழாய்க்குள் மட்டும்தான் இந்தக் கோளாறு. அணு எண்ணும் இயந்திரம், வாலஸ் கூல்ட்டர் என்னும் அமெரிக்கர் 1953இல் காப்புரிமை பெற்ற முறையின் வழிவந்தது. ஒரு சிறிய துளையின் வழியாகச் செல்லும் ஒவ்வோர் அணுவும் மின்னோட்டத்தில் ஏற்படுத்தும் மாற்றத்தைக் கொண்டு எண்ணிக்கையையும் பருமனையும் கணக்கிடுகிறது. பத்துத் தட்டணுக்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போனால், அவற்றைப் பத்து என்று எண்ண அதற்குத் தெரியாது. நேரம் ஆக ஆக ஒட்டுதல் கூடும் என்பதால், பல மணி நேரம் பயணித்த முதல் மாதிரியில் எண் இன்னும் குறைவாக வந்ததிலும் வியப்பில்லை.

இளநீலக் குழாயில் எடுத்துப் பார்த்தபோது 1,78,000 வந்தது. சிட்ரேட் திரவம் ரத்தத்தைச் சற்றே நீர்க்கச் செய்வதால் 1.1ஆல் பெருக்க வேண்டும், ஏறத்தாழ 1,96,000. டெங்குவுக்கான என்.எஸ்.1 சோதனையும் இல்லை என்றே வந்தது. இரண்டு நாளில் காய்ச்சல் தானாகத் தணிந்தது. அறிக்கையின் அடியில், இந்த நபருக்குத் தட்டணு எண்ணிக்கையை இனி எப்போதும் சிட்ரேட் குழாயிலும் சரிபார்க்க வேண்டும் என்று அந்த மருத்துவர் இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டிருந்தார். அந்தத் தாளை நான் பணப்பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு ஏதேனும் விபத்திலோ அறுவை சிகிச்சையிலோ நான் பேச முடியாத நிலையில் இருந்தால், அந்த இரண்டு வரிகள் தேவையற்ற தட்டணு ஏற்றத்திலிருந்து என்னைக் காக்கும்.

ஆய்வக மருத்துவம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. ஊசி, குழாய், இயந்திரம், அச்சிட்ட தாள் ஆகியவற்றை மட்டுமே நாம் பார்க்கிறோம். அவற்றுக்கு நடுவே, எம்.பி.பி.எஸ். முடித்து, நோயியலில் மேலும் மூன்று ஆண்டுகள் படித்த ஒரு மருத்துவர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, எண்ணுக்கும் மனிதருக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று யோசிக்கிறார். அப்படி ஒருவர் உண்மையிலேயே உட்கார்ந்து பார்க்கிறாரா, அல்லது கணினியில் ஏற்றிவைத்த கையெழுத்து மட்டும் தாளில் விழுகிறதா என்பதே ஒரு கூடத்திற்கும் இன்னொரு கூடத்திற்கும் உள்ள வேறுபாடு.

அம்மாவின் விஷயத்திலும் இதே கவனத்தைக் கண்டேன். ஒருமுறை அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, அதாவது எச்.பி.ஏ.1.சி., 7.9 என்று வந்தது. வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்துவைத்த எண்களோ அவ்வளவு மோசமாக இல்லை. மாத்திரையை ஏமாற்றிவிட்டாரோ, யாருக்கும் தெரியாமல் இனிப்பு சாப்பிடுகிறாரோ என்று நான் அம்மாவைக் கேட்டுவிட்டேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன். அறிக்கையில் ஒரு குறிப்பு இருந்தது: ஹீமோகுளோபின் 8.9 ஆக இருப்பதாலும் சிவப்பணுக்கள் அளவில் சிறுத்திருப்பதாலும், இரும்புச்சத்துக் குறைபாடு இருக்கக்கூடும். அந்நிலையில் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்கிறது. அந்த நாள்களில் அதன்மேல் எவ்வளவு சர்க்கரை படிந்திருக்கிறது என்பதையே இந்தச் சோதனை அளக்கிறது. இரும்புச்சத்து குறைந்து, புதிய அணுக்கள் உருவாவது தாமதமாகும்போது, பழைய அணுக்களின் பங்கு மிகுந்து கணக்கு மாறிவிடுகிறது என்று மருத்துவர் விளக்கினார். இரும்பு மாத்திரை தொடங்கியவுடனும் அவசரப்பட்டுப் பார்க்க வேண்டாம், புதிய அணுக்கள் திடீரெனப் பெருகும்போது எண் பொய்யாகக் குறையும் என்றும் எச்சரித்தார். ரத்தசோகை சரியாகி, சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது 7.1. இன்சுலின் தொடங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நீரிழிவு மருத்துவர் அந்த யோசனையைக் கைவிட்டார்.

தங்கைக்குத் தைராய்டு பார்க்கச் சென்றபோது, வரவேற்பில் இருந்தவரே "முடி உதிர்வுக்கு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த மாத்திரைகளில் உள்ள பயோட்டின் என்னும் வைட்டமின், சில வகைத் தைராய்டு சோதனைகளின் வேதிவினையில் குறுக்கிட்டு, இல்லாத தைராய்டு மிகையை இருப்பதாகக் காட்டக்கூடியது. இரண்டு நாள் நிறுத்திவிட்டு வரச் சொல்லி, அன்று பணம் வாங்காமல் திருப்பி அனுப்பினார்கள்.

ஒருநாள் கூட்டம் குறைந்த நேரத்தில், இயந்திரம் சரியாக இருக்கிறது என்பதை நீங்கள் எப்படி அறிகிறீர்கள் என்று கேட்டேன். முகம் சுளிக்காமல் உள்ளே அழைத்துக் காட்டினார்கள். நோயாளிகளின் மாதிரிகளைத் தொடுவதற்கு முன், அளவு முன்கூட்டியே தெரிந்த கட்டுப்பாட்டு மாதிரிகளை ஓட்டி, கிடைத்த எண்ணை ஒரு வரைபடத்தில் புள்ளியாக வைக்கிறார்கள். நடுவில் சராசரிக் கோடு. மேலும் கீழும் எல்லைக் கோடுகள். லெவி, ஜென்னிங்ஸ் என்னும் இருவர் 1950இல் ஆய்வகங்களுக்குக் கொண்டுவந்த முறை இது. புள்ளி எல்லையைத் தாண்டினால் அன்றைய வேலை நிற்கும். எல்லைக்குள்ளேயே இருந்தாலும், தொடர்ந்து பத்துப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கமாக விழுந்தால், இயந்திரம் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சோதனையின் வரைபடத்தில் அப்படி ஒரு நகர்வு தென்பட்டு, வேதிப்பொருளை மாற்றி மறு அளவீடு செய்த நாளையும் காட்டினார்கள். தேதியும் காரணமும் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. தவறு நடக்கவே இல்லை என்று சொல்லும் கூடத்தைவிட, தவறு நடந்த நாளைக் குறித்துவைத்துக் காட்டும் கூடத்தையே நான் நம்புவேன். இதற்கு மேலாக, வேலூர் சி.எம்.சி. நடத்தும் வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்திலும் சேர்ந்திருக்கிறார்கள். அங்கிருந்து வரும் மாதிரிகளைச் சோதித்து விடையை அனுப்பினால், பிற கூடங்களின் விடைகளோடு ஒப்பிட்டு மதிப்பீடு வருகிறது.

ஆய்வகங்களின் தரத்தைச் சோதித்து அங்கீகரிக்கும் தேசிய வாரியமான என்.ஏ.பி.எல்.லின் அங்கீகாரம் இருக்கிறது, மருத்துவ ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15189 தரத்தின்படி வழங்கப்படுவது அது. ஆனால் இதில் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அங்கீகாரம் கட்டடத்திற்கு அன்று, குறிப்பிட்ட சோதனைகளுக்குத்தான். எந்தெந்தச் சோதனைகள் அதில் அடங்கும் என்ற பட்டியலைக் கேட்டுப் பெறலாம். இங்கே அடங்காதவற்றை அறிக்கையில் குறியிட்டுக் காட்டுகிறார்கள்; வெளியூருக்கு அனுப்பிச் செய்பவற்றையும் எங்கே செய்யப்பட்டது என்று எழுதுகிறார்கள்.

இனி குறைகள். வீட்டிற்கு வந்து ரத்தம் எடுக்கும் சேவை, கூடத்தில் நான் புகழ்ந்த தரத்தில் இல்லை. சென்ற கோடையில் அம்மாவுக்கு வீட்டில் எடுத்த மாதிரியில் பொட்டாசியம் 6.1 என்று வந்தது. அவ்வளவு இருந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம். அலறிக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினோம். அங்கே இ.சி.ஜி. சரியாக இருந்தது, மறுமுறை எடுத்ததில் 4.4. வழியில் குலுங்கியதிலோ மெல்லிய ஊசியால் வேகமாக இழுத்ததிலோ சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கசிந்திருக்கிறது. அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே இருப்பதைப் போலப் பல மடங்கு. அணுக்கள் உடைந்த மாதிரியில், மேலே தெளிந்து நிற்கும் திரவமான சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும். பார்த்தவுடன் தெரிந்திருக்க வேண்டும். அதை நிராகரித்திருக்க வேண்டும், குறைந்தபட்சம் அறிக்கையில் குறிப்பாவது எழுதியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. நான் சொன்னதும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, மருத்துவர் விடுப்பு. அவர் இல்லாத நாளில் இந்தக் கூடமும் மற்றக் கூடங்களைப் போலவே ஆகிவிடுகிறது என்பது எனக்குக் கவலை தருகிறது.

இரண்டாவது குறை, சுவரில் தொங்கும் 'முழு உடல் பரிசோதனை' அட்டை. எழுபதுக்கும் மேற்பட்ட சோதனைகள் என்கிறது. ஒரே ஊதாக் குழாயில் ஒரே ஓட்டத்தில் வரும் ரத்த அணுக் கணக்கையே இருபதுக்கு மேற்பட்ட சோதனைகளாக எண்ணியிருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. இயல்பு வரம்பு என்று அச்சிடுவது, ஆரோக்கியமானவர்களில் 95 விழுக்காட்டினரின் எண்கள் அடங்கும் இடைவெளியை. ஆகவே எந்த நோயும் இல்லாத இருபது பேரில் ஒருவர் ஒவ்வொரு சோதனையிலும் வரம்புக்கு வெளியே நிற்பார். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை நல்ல உடல்நலத்தோடு இருக்கும் ஒருவருக்குச் செய்தால், ஏதேனும் ஒன்றிலாவது சிவப்பு எழுத்து விழும் வாய்ப்பு 64 விழுக்காடு. அந்தச் சிவப்பு எழுத்தைத் துரத்திக்கொண்டு அடுத்த சோதனை, ஸ்கேன், தூக்கமில்லாத இரவுகள். கேள்வி இல்லாமல் சோதனை செய்தால் வரும் விடைக்குப் பொருள் இருக்காது என்பதை இந்தக் கூடத்து மருத்துவரைவிட நன்கு அறிந்தவர் யார்? அவரிடமே கேட்டேன். கூடத்தின் வாடகையும் இயந்திரத் தவணையும் அந்த அட்டையால்தான் நடக்கின்றன என்று வருத்தத்தோடு சொன்னார். அவருடைய நேர்மையை மதிக்கிறேன், அட்டையை ஏற்கவில்லை. காய்ச்சல் தொகுப்பில் டைபாய்டுக்கான வைடால் சோதனையைச் சேர்த்திருப்பதும் அப்படியே. 1896இலிருந்து புழக்கத்தில் இருக்கும் அந்தச் சோதனையை ஒரே ஒருமுறை செய்துவிட்டு டைபாய்டு என்று முடிவுகட்டுவது நம் ஊரில் எத்தனை பேரைத் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குத் தள்ளியிருக்கிறது! ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் செய்யும் வசதி இங்கே இருக்கும்போது, அதைப் பரிந்துரைக்கலாம்.

கட்டணம் பெரிய சங்கிலி நிறுவனங்களை ஒட்டியே இருக்கிறது, ஐ.என்.ஆர். மட்டும் சற்றுக் குறைவு. காலை எட்டு மணிக்குக் கொடுத்தால் பிற்பகல் இரண்டுக்குள் கிடைத்துவிடுகிறது. எண் ஆபத்தான நிலையில் இருந்தால் காத்திராமல் தொலைபேசியில் அழைத்துச் சொல்கிறார்கள், அம்மாவின் ஐ.என்.ஆர். ஒருமுறை 5.8க்கு ஏறியபோது, அச்சிட்ட தாள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எங்களுக்கும் இதய மருத்துவருக்கும் செய்தி வந்துவிட்டது.

நீண்டநாள் மாத்திரை எடுத்துக்கொள்பவர்களுக்கும், மருத்துவர் ஐயப்பட்டு மறுமுறை பார்க்கச் சொன்னவர்களுக்கும் இந்தக் கூடத்தைத் தயங்காமல் சொல்வேன். நேரில் செல்லுங்கள், வார நாள்களில் செல்லுங்கள், பழைய அறிக்கையைக் கையோடு கொண்டுபோங்கள். முந்தைய எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க அது அவர்களுக்கு உதவும். சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும், சத்து மாத்திரைகள் உட்பட, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். படியேற முடியாதவர்கள் வீட்டுச் சேவையைத்தான் நாட வேண்டியிருக்கும். அப்படியானால் வந்தவரிடம் மாதிரி எத்தனை மணிக்குக் கூடத்தைச் சேரும் என்று கேட்டுக்கொண்டு, பொட்டாசியம் மட்டும் கூடுதலாக வந்தால் மாதிரியில் அணுக்கள் உடைந்திருந்தனவா என்று மருத்துவரிடம் விசாரியுங்கள். அடுத்த முறை நான் போகும்போது, கீழ்த்தளத்தில் ஒரு நாற்காலி போட்டு முதியவர்களுக்கு அங்கேயே ரத்தம் எடுக்க முடியுமா என்று மீண்டும் கேட்கப்போகிறேன். சென்ற மாதம் கேட்டபோது, இடம் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள்.